பட்டியலில் இல்லாத ஆவடை

கத்திவாய் இடுக்குக் கழுதைகளுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள் நான்கு. அவற்றை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் நான்காவது எப்படி வந்தது என்பது புரியாது.

முதலாவது, பாதை. மலைமேல் இருக்கும் உவர்மண்ணை நக்குவதற்காகக் கழுதைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய பாதை அது. சமவெளி விலங்குகளுக்குச் சனி, ஞாயிறுகளில் மலையேறிப் பார்க்கும் ஆசை வந்தது. உடனே கொடுமுடியார் என்ற வரையாடு பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகையை நட்டது. "கொடுமுடியார் பாதை" என்று அதில் எழுதியிருந்தது. கழுதைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது, சுமை. வந்த விருந்தாளிகள் முதலில் ஆளுக்கொரு கம்பளிதான் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு கூடாரம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு அண்டா, அடுப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் வந்தன. மயில் தனக்காக ஓர் ஆளுயரக் கண்ணாடியே கொண்டுவந்தது. "கழுதை முதுகு சும்மாதானே போகிறது" என்றது வரையாடு.

மூன்றாவது, படுக்கை. மலை உச்சியில் காற்றை மறைக்கும் பாறை ஒன்றே ஒன்று. கழுதைகள் காலங்காலமாக அதன் அடியில்தான் படுத்தன. இப்போது அங்கே விருந்தாளிகளின் கூடாரங்கள். கழுதைகள் வெட்டவெளியில், மூட்டைகள் பனியில் நனையாதபடி அவற்றைச் சுற்றிப் படுத்தன.

நான்காவது, பட்டியல்.

மலையில் பழைய சட்டம் ஒன்று உண்டு. கூட்டமாகப் போகிறவர்கள் ஒவ்வொரு தங்கலிலும் பெயர் வாசிக்க வேண்டும். பெயருக்கு உரியவர் "வந்தேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஒருவரும் ஓர் அடி முன்னே வைக்கக் கூடாது. அத்தனை பேரும் திரும்பிப் போய்த் தேட வேண்டும். பயணம் முடிந்ததும் கடைசிக் கரையில் கூடியிருப்பவர்கள் முன்னால் எல்லாப் பெயரையும் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் "கண்டோம்" என்று சாட்சி சொல்ல வேண்டும்.

நல்ல சட்டம். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய சட்டம். ஆனால் பட்டியல் எழுதும் வேலை வரையாட்டின் கையில் இருந்தது. அது விருந்தாளிகளின் பெயர்களை மட்டும் எழுதியது. கழுதைகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் "சுமை பதினொன்று" என்று எழுதியது.

இந்த நான்கையும் வரிசை தவறாமல் சொல்லும் கழுதையின் பெயர் சங்கிலி. மற்றக் கழுதைகள் கடைத்தெருவில் கிடக்கும் துண்டறிக்கைகளைக் கண்டதும் தின்றுவிடும். சங்கிலி படித்து முடித்த பிறகுதான் தின்னும். கருத்துப் பிடிக்கவில்லை என்றால் மென்று துப்பிவிடும்.

"பேரை எழுதினா சுமை குறையுமாலே?" என்று கேட்கும் மொக்கை. அந்தக் கூட்டத்திலேயே பெரிய கழுதை அது.

"குறையாது. ஆனா விழுந்தா வந்து தேடுவாங்க."

"நாம எங்க விழப்போறோம்? இந்தப் பாதையே நம்ம குளம்புல பொறந்தது."

மற்றக் கழுதைகள் சிரிக்கும். சங்கிலியும் வேறு வழியில்லாமல் புல் மேயப் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை எட்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு மயில், ஒரு முயல், ஆறு செம்மறியாடுகள். பதினொரு கழுதைகள் பதினொரு மூட்டைகளைச் சுமந்து மலையேறின. விருந்தாளிகள் உச்சியில் நின்று மேகத்தைப் பார்த்தார்கள். "நானே ஏறிவிட்டேன்" என்று மயில் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னது. அந்தக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தது ஆவடை என்ற கழுதை. அது பக்கத்தில்தான் நின்றது. கண்ணாடியில் அதன் காதும் தெரிந்தது. மயில் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலையில் ஆவடையின் முழங்கால் வீங்கியிருந்தது. குளிர்ந்த கல்லில் படுத்த வீக்கம்.

"கொண்டாக்கா, உன் மூட்டையையும் என் மேல போடு" என்றது மொக்கை.

"ஏற்கெனவே அண்டா இருக்கேலே."

"அண்டாவுக்குத் துணையா கண்ணாடி இருக்கட்டும். நீ மெல்ல வா."

அன்றைய வழி இறக்கம். மலையிலிருந்து இறங்கி, கத்திவாய் இடுக்குக்குள் நுழைந்து, பரிசல் துறை வரை நடக்க வேண்டும். அங்கிருந்து விருந்தாளிகள் பரிசலில் ஆற்றோடு போவார்கள். இடுக்குக்குள் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் ஆறு. ஆற்றுக்கு மேலே ஒரு கழுதை மட்டும் நடக்கக்கூடிய பாறை விளிம்பு. அதில் திரும்பவும் முடியாது, பின்னால் வருவது யார் என்று பார்க்கவும் முடியாது. ஆவடை எல்லோருக்கும் கடைசியாக நடந்தது.

மலைமேல் எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். ஆற்றின் நிறம் செம்மண்ணாக மாறத் தொடங்கியது.

பரிசல் துறையில் வரையாடு பட்டியலை எடுத்தது.

"மயில்."

"வந்தேன்."

"முயல்."

"வந்தேன்."

செம்மறியாடுகள் ஆறும் தங்கள் பெயர் வருவதற்கு முன்பே ஒன்றாக "வந்தோம்" என்றன. வரையாடு ஆறு கோடு போட்டது. பிறகு மூட்டைகளை எண்ணியது. பதினொன்று.

"எல்லாம் சரி. பரிசலில் ஏறுங்கள்."

"சரியில்லீங்க" என்றது சங்கிலி. "ஆவடையைக் காணோம்."

"யார் ஆவடை?"

"உங்ககூடப் பதினாலு வருசமா நடக்கிற கழுதை."

வரையாடு பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தது. உண்மையாகவே தேடியது. "அப்படி ஒரு பெயர் இல்லையே."

"இல்லைன்னுதான் நாங்களும் சொல்றோம்."

"பட்டியலில் இல்லாதவள் எப்படிக் காணாமல் போக முடியும்? பெயர் எட்டு, எட்டும் வந்துவிட்டது. சுமை பதினொன்று, பதினொன்றும் வந்துவிட்டது. சட்டப்படி இங்கே யாரும் குறையவில்லை."

மயில் குறுக்கே பேசியது. "அவள் சுமந்தது என் கண்ணாடியைத்தானே? இதோ இருக்கிறது. கீறல்கூட இல்லை. பொழுது போகிறது, என் குஞ்சுகள் கரையில் காத்திருக்கும்."

மொக்கை முன்னங்காலை மடித்தது. பின்னங்காலை மடித்தது. அண்டாவும் கண்ணாடியும் முதுகில் இருக்க, சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டது.

"பார்த்து, பார்த்து!" என்று அலறியது மயில்.

"பாத்துதான் உக்காந்திருக்கேன்" என்றது மொக்கை.

மற்றக் கழுதைகளும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. மூட்டைகள் முதுகிலேயே இருந்தன.

வரையாடு ஆற்றின் பக்கம் திரும்பியது. "மூட்டைகள் இங்கேயே கிடக்கட்டும். அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். கெண்டையா, பரிசலைத் தள்ளு."

கெண்டையன் ஒரு நீர்நாய். அதுவும் அதன் தம்பிகள் இருவரும் மூன்று பரிசல்களையும் நீந்திக்கொண்டே தள்ளிப் போவார்கள். கழுதைகளைக் கண்டால் கெண்டையனுக்கு இளக்காரம். "நான் ஆத்துக்காரன், மூட்டை தூக்குறவன் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரியும்.

சங்கிலி அதன் பக்கம் திரும்பியது. "தள்ளுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க, கெண்டையா. பட்டியல்ல உன் பேரு எந்த இடத்துல இருக்கு?"

"என் பேர் இல்லாம இருக்குமா? நான் இல்லைன்னா இவங்க எப்படிக் கரை சேருவாங்க?" கெண்டையன் வரையாட்டைப் பார்த்தது. "இருக்குல்லீங்க?"

"இருக்கிறது, இருக்கிறது. 'பரிசல் மூன்று' என்று எழுதியிருக்கிறேனே."

கெண்டையனின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது துடைத்துக்கொள்ளவில்லை.

"பரிசல் கவுந்து நான் போயிட்டேன்னா?"

முயல் கள்ளம் இல்லாமல் விளக்கம் சொன்னது. "பரிசல் மிதந்து வந்துவிடும் அல்லவா? மூன்றும் கரையில் இருந்தால் கணக்கு சரியாகிவிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று முயலுக்கே விளங்கியது. அதன் காதுகள் தொங்கிப்போயின.

கெண்டையன் தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. தம்பிகளும் வந்தார்கள். பரிசல்களைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"இத்தனை நாளும் உங்களை மூட்டைக்காரங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், சங்கிலியண்ணே."

"அதைப் பெறகு பேசிக்கலாம். நீ எந்திரி. ஆவடைகிட்டப் போகணும்."

"வேலைநிறுத்தமா செய்கிறீர்கள்?" என்று சீறியது வரையாடு.

"நிறுத்தம் உங்களுக்குத்தான்" என்றது சங்கிலி. "எங்களுக்கு வேலை இப்பதான் ஆரம்பிக்குது."

முயல் மூட்டைகளின் நடுவே புகுந்து தன் கூடாரக் கயிற்றை இழுத்து வந்தது. "முப்பது முழம் இருக்கிறது. போதுமா?"

"ஏன் அதைக் கொடுக்கிறாய்? கூடாரத்துக்கு என்ன செய்வாய்?" என்றது மயில்.

"கூடாரம் இல்லாமல் படுப்பேன். அவர்கள் படுக்கவில்லையா?"

மொக்கை எழுந்திருக்கப் பார்த்தது. "நானும் வாரேன். என்கிட்டத்தானே அவ மூட்டையைக் குடுத்தா."

"நீ உக்காந்திருக்கிறதுதான் இப்பப் பெரிய வேலை" என்றது சங்கிலி. "அந்தக் கண்ணாடியை மட்டும் எறக்கிடாதே."

சங்கிலியும் இரண்டு கழுதைகளும் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பின. கெண்டையன் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு கூடவே வந்தது. ஆறு ஒரு முழம் ஏறியிருந்தது.

விளிம்பு சற்றே அகன்று திரும்ப இடம் கொடுக்கும் மூன்றாவது வளைவில் ஆவடையைக் கண்டார்கள். விளிம்பிலிருந்து சறுக்கி, கீழே ஒரு பாறைத் தட்டில் நின்றது. வலது பின்னங்கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது.

"கத்தக் கூடாதாக்கா?" என்றது சங்கிலி.

"கத்தினேன். ஆறு என்னைவிடப் பெருசாக் கத்துச்சு." ஆவடை தலையை நிமிர்த்திப் பார்த்தது. "பட்டியல் வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சு. எல்லாரும் வந்து சேந்தாச்சாம்."

நடுங்கிக்கொண்டிருந்த ஆவடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இங்க நிக்கிறது யாருலே?"

"அதைத்தான் அங்க வந்து நீ சொல்லணும். கயித்தைப் பிடி."

கெண்டையன் கயிற்றின் நுனியை வாயில் கவ்வி நீந்தி வந்து ஆவடையின் மார்பைச் சுற்றிக் கட்டியது. மேலே மூன்று கழுதைகளும் மறுநுனியை இழுத்தன. ஆவடை அசையவில்லை. கல் காலை விடவில்லை.

"இழுக்காதீங்க, கால் ஒடிஞ்சிரும்" என்று கத்திவிட்டுக் கெண்டையன் முங்கியது.

கலங்கல் தண்ணீர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைகளால் தடவித் தடவிக் கல்லின் அடியில் இருந்த மணலைப் பறித்தது. மேலே வந்து மூச்சு வாங்கியது. மறுபடி முங்கியது. தண்ணீர் ஆவடையின் மார்புக்கு வந்தது.

"நீ போயிரு தம்பி" என்றது ஆவடை. "உனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"அதுகளும் பட்டியல்ல இல்லக்கா. சும்மா இரு."

நான்காவது முறை முங்கியபோது கல் புரண்டது. "இழுங்க!" என்றது கெண்டையன்.

இழுப்பது கழுதைகளுக்குத் தெரிந்த வேலை. பிறந்த நாள் முதல் பிறருக்காக இழுத்த கழுதைகள், அன்றுதான் தங்களில் ஒருத்திக்காக இழுத்தன. குளம்புகள் பாறையில் ஊன்றின. கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு குளம்புகூடப் பின்வாங்கவில்லை. ஆவடை பாறையில் உரசி உரசி மேலே வந்து, விளிம்பில் நான்கு காலில் நின்றது.

அவர்கள் பரிசல் துறைக்குத் திரும்பியபோது அங்கே வேறொரு கூத்து நடந்து முடிந்திருந்தது. பொறுமை இழந்த வரையாடு செம்மறியாடுகளை ஒரு பரிசலில் ஏற்றிக்கொண்டு தானே துடுப்பைப் பிடித்திருக்கிறது. பரிசல், கயிற்றை அவிழ்த்த இடத்திலேயே ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கரைக்கே வந்து முட்டியது. செம்மறியாடுகள் ஆறும் ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தன.

ஆவடை நொண்டியபடி துறையில் கால் வைத்ததும் மொக்கை எழுந்து நின்றது. கண்ணாடி உடையவில்லை. ஆவடையின் கழுத்தில் தன் முகத்தைத் தேய்த்தது.

"அதுதான் வந்துவிட்டாளே" என்றது வரையாடு. "போகலாமா?"

"எழுதிட்டுப் போகலாம்" என்றது சங்கிலி. "பதினோரு கழுதை, மூணு நீர்நாய். பதினாலு பேரு."

வரையாடு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இதோ பார். இவள் பெரிய ஆபத்தில் தைரியமாக நின்றிருக்கிறாள். அதைப் பாராட்டி இவள் பெயரை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பரிசாக இருக்கட்டும்."

எல்லோரும் ஆவடையைப் பார்த்தார்கள்.

"பரிசெல்லாம் வேண்டாங்க" என்றது ஆவடை. "இன்னைக்குக் கல்லுல மாட்டிக்கிட்டு நின்னது ஒரு பெருமையா? பதினாலு வருசமா மாட்டாம நடந்தேனே, அதுக்காக எழுதுங்க. நான் நடந்தப்ப முன்னாலயும் பின்னாலயும் நடந்தவங்க பேரையும் எழுதுங்க. இல்லாட்டி என் பேரு உங்க காகிதத்துல தனியா இருந்து என்ன செய்யப்போகுது?"

ஆறு இன்னொரு சாண் ஏறியது. முயல் பென்சிலை எடுத்து வரையாட்டின் முன் வைத்தது. செம்மறியாடுகள் முயலைப் பார்த்தன. பிறகு ஆறும் ஒன்றாகத் தலையாட்டின.

வரையாடு எழுத உட்கார்ந்தது. ஒரு பெயரும் அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் "உன் பெயர் என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தது. பதினான்கு முறை கேட்டது. ஒவ்வொரு கழுதையும் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னது. எழுத்துகளைச் சரியாகப் போடுகிறதா என்று சங்கிலி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மொக்கையின் பெயரில் புள்ளி விட்டுப்போனது. சங்கிலி அதையும் வைக்கச் சொன்னது.

அதன் பிறகுதான் நீர்நாய்கள் ஆற்றில் இறங்கின. அன்று ஆவடை பரிசலில் போனது. மயில் தன் கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தது. மற்றக் கழுதைகள் மூட்டைகளோடு கரைவழியே நடந்தன. சுமை ஒரு பலம்கூடக் குறையவில்லை. நடை மட்டும் வேறாக இருந்தது.

இடுக்கு முடிந்து ஆறு அகலும் இடத்தில் கடைசிக் கரை. மயிலின் குஞ்சுகள், முயலின் வீட்டார், செம்மறி மந்தை, நாரைகள், குரங்குகள், தண்ணீருக்கு வந்த எருமைகள் எல்லாம் கூடியிருந்தன. வரையாடு ஒரு பாறைமேல் ஏறி வாசித்தது. மயில், முயல், ஆறு செம்மறிகள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "கண்டோம்" என்றது.

ஒன்பதாவது பெயருக்கு வந்ததும் வரையாட்டின் குரல் உள்ளே போயிற்று.

"காதுல விழலியே" என்றது ஓர் எருமை.

வரையாடு தொண்டையைச் செருமியது. "ஆவடை."

"வந்தேன்."

அந்தக் கரையில் அதுவரை ஒரு கழுதையின் பெயர் வாசிக்கப்பட்டதில்லை. பிறகு எருமைகள் தொடங்கின, நாரைகள் சேர்ந்துகொண்டன, மயிலின் குஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. "கண்டோம்" என்ற சொல் இடுக்குக்குள் புகுந்து பாறைகளில் முட்டித் திரும்பி வந்தது. மொக்கையின் பெயர், கெண்டையனின் பெயர், அதன் தம்பிகள் ஒவ்வொருவரின் பெயர், மற்றக் கழுதைகளின் பெயர்கள் என்று வரிசையாக வந்தன. கடைசியில் சங்கிலியின் பெயர் வந்தது. கழுதைகளின் காதுகள் இருபத்திரண்டும் நேராக நின்றன.

வரையாடு பட்டியலை மடித்தது.

"மடிக்காதீங்க" என்றது சங்கிலி. "இன்னொரு பேரு பாக்கி இருக்கு."

"நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதினேனே."

"எழுதினீங்க. பட்டியல்ல இருபத்திரண்டு பேரு. மலையிலிருந்து வந்தது இருபத்து மூணு பேரு."

வரையாடு கூட்டத்தை எண்ணியது. பட்டியலை எண்ணியது. பிறகு மெல்லச் சொன்னது: "வாசிக்கிறவன் பெயர் எதற்கு?"

"நீங்க விழுந்திருந்தா?"

வரையாடு இடுக்கைத் திரும்பிப் பார்த்தது. பதினான்கு ஆண்டுகள் அந்த விளிம்பில் நடந்திருக்கிறது. ஒரு நாள் கால் சறுக்கியிருந்தால் பட்டியல் சரியாகத்தான் இருந்திருக்கும். அத்தனை பேரும் பரிசலில் ஏறிப் போயிருப்பார்கள்.

மொக்கை சங்கிலியின் காதருகே வந்தது. "விடுலே. அவரு பேரு இல்லாட்டி நமக்கென்ன?"

"அப்படி நெனச்சு எழுதின பட்டியல்தானே இத்தனை வருசம் நம்மைக் கொன்னுது" என்றது சங்கிலி.

அது பாறைமேல் ஏறியது. பென்சிலைப் பல்லில் கவ்வி, பட்டியலின் அடியில் கோணல் எழுத்தில் ஒரு பெயரை எழுதியது. பிறகு தலையை நிமிர்த்தியது.

கூட நடந்தவர்களில் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரே வழிகாட்டி என்பதால், தன்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவரின் பெயரைச் சங்கிலி அத்தனை பேரும் சாட்சியாக உரக்க வாசித்தது: "கொடுமுடியார்."